எக்ஸ்-மென் படங்கள் பதிமூன்றில் எது மேலே, எது கீழே?

கேள்வி: ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த எக்ஸ்-மென் படங்களைத் தரவரிசைப்படுத்தினால் எது முதலில் வரும், எது கடைசியில் நிற்கும்? எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாதவர் எவற்றை, எந்த வரிசையில் பார்க்கலாம்?

எக்ஸ்-மென் என்பது மரபணு மாற்றத்தால் அசாதாரண சக்தியோடு பிறந்த ‘மியூட்டன்ட்’ மனிதர்களின் கூட்டம். சரி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2000-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ தொடங்கி 2020-இல் வந்த ‘தி நியூ மியூட்டன்ட்ஸ்’ வரை மொத்தம் 13 படங்கள். அதில் ஏழு கூட்டத்தின் கதை, மூன்று வுல்வரின் தனியாக வரும் படங்கள், இரண்டு டெட்பூல், மிச்சம் ஒன்று நியூ மியூட்டன்ட்ஸ். 2024-இல் வந்து பெரிய வசூல் பார்த்த ‘டெட்பூல் & வுல்வரின்’ இந்தக் கணக்கில் வராது. ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியபின் மார்வெல் ஸ்டுடியோஸ் எடுத்த படம் அது. பழைய வீட்டைக் கிண்டலும் பாசமுமாகத் திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

கதை முடிச்சுகள் பலவற்றை அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன். ஒன்றுமே பார்க்காதவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், எதைப் பார்க்கலாம் என்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

என் வரிசை மேலிருந்து கீழாக இப்படி: எக்ஸ்2, லோகன், டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ், முதல் எக்ஸ்-மென், டெட்பூல், தி வுல்வரின், டெட்பூல் 2, தி லாஸ்ட் ஸ்டாண்ட், அபோகலிப்ஸ், தி நியூ மியூட்டன்ட்ஸ், டார்க் ஃபீனிக்ஸ், கடைசியாக ஆரிஜின்ஸ்: வுல்வரின்.

‘லோகன்’ இரண்டாவதா என்று இப்போதே பலருக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். எதை வைத்து அளந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

முதல் படத்தில் வண்டிக்குள் ஒரு சின்ன உரையாடல் வரும். பனிக்காட்டுச் சாலை. வீட்டை விட்டு ஓடிவந்த ரோக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வுல்வரினின் கையைப் பார்க்கிறாள். விரல் கணுக்களுக்கு இடையிலிருந்து அந்தக் கத்திகள் வெளியே வரும்போது வலிக்குமா என்று கேட்கிறாள். ‘ஒவ்வொரு முறையும்’ என்கிறான் அவன். இந்தத் தொடரின் உயிர் அந்த ஒற்றைப் பதிலில் இருக்கிறது. மற்ற சூப்பர் ஹீரோக்களுக்குச் சக்தி கிடைத்த நாள் திருவிழா. இங்கே எல்லாருக்கும் அது உடம்பில் ஏறிய பாரம். ரோக் யாரைத் தொட்டாலும் அவர்கள் உயிர் உறிஞ்சப்படும். காதலனின் கையைப் பிடிக்கக்கூட உறை மாட்ட வேண்டும். கண்ணிலிருந்து கதிர் பாயும் சைக்ளாப்ஸ், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதையும் பார்க்க முடியாது. மியூட்டன்ட் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் சேவியருக்கு ஊரார் மனசில் ஓடுவதெல்லாம் காதில் விழும். ஆக, சக்திக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் படம் மறக்காமல் வைத்திருக்கிறதா என்பது என் முதல் அளவுகோல்.

இரண்டாவது, சேவியருக்கும் உலோகத்தை ஆட்டிவைக்கும் மேக்னீட்டோவுக்கும் நடக்கும் வழக்கு. மனிதர்களோடு சேர்ந்து வாழ முடியும் என்கிறார் ஒருவர். அவர்கள் ஒருநாள் நம்மை அடைத்துக் கொல்லத்தான் வருவார்கள் என்கிறார் மற்றவர். மேக்னீட்டோ நாஜிகளின் வதைமுகாமில் பெற்றோரை இழந்த யூதச் சிறுவன். 2000-இல் வந்த படம் தொடங்குவதே 1944-இல், அந்த முகாமின் இரும்புக் கதவு அந்தப் பையனின் அழுகைக்கு வளைவதில்தான். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவர் செய்வதில்தான் இல்லை. இந்த வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் கனம் இருக்கும் படங்கள் நின்றன. வில்லன் வெறும் வில்லனாகிப் போன படங்கள் சரிந்தன. சண்டைக் காட்சியையும் கிராஃபிக்ஸையும் நான் கணக்கில் பெரிதாக எடுக்கவில்லை. இருபது வருடத் தொடரில் அதை வைத்து ஒப்பிட்டால் பழைய படங்களுக்கு அநியாயம் செய்வதாகிவிடும்.

இந்த இரண்டு அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்குவது 2003-இல் வந்த ‘எக்ஸ்2’ மட்டும்தான்.

எல்லாரும் அதன் தொடக்கக் காட்சியைத்தான் சொல்வார்கள். மொட்சார்ட்டின் இசை பின்னணியில் ஓங்க, நைட்கிராலர் நீலப்புகையாகத் தோன்றித் தோன்றி மறைந்து வெள்ளை மாளிகைக்குள் அதிபரின் மேசை வரை போய்விடுவான். அருமையான காட்சி, மறுப்பில்லை. ஆனால் எனக்கு அந்தப் படத்தின் இதயம் பாஸ்டனில் உள்ள ஒரு வீட்டு வரவேற்பறை. தங்கள் பள்ளியை ராணுவம் தாக்கியபின், தொட்டதை உறைய வைக்கும் மாணவன் பாபி, நண்பர்களோடு தன் பெற்றோர் வீட்டுக்கு வருகிறான். பையன் ஏதோ நல்ல உறைவிடப் பள்ளியில் படிக்கிறான் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறான். அம்மாவின் தேநீர்க் கோப்பையை விரலால் தொடுகிறான், தேநீர் உறைந்து கட்டியாகித் தட்டில் விழுகிறது, வீட்டுப் பூனை வந்து நக்குகிறது. அம்மா ரொம்பப் பக்குவமாகக் கேட்கிறாள்: மியூட்டன்ட்டாக இல்லாமல் இருக்க முயற்சி செய்து பார்த்தாயா? தம்பி மாடிக்குப் போய்ப் போலீசுக்கு போன் போடுகிறான். தன் பாலின ஈர்ப்பை வீட்டில் சொல்ல நேர்ந்த பிள்ளைகளின் நிலைமையை அந்தக் காட்சி அப்படியே எடுத்துக்கொண்டது என்பது யாருக்கும் தெரியும். அதைப் பிரசங்கமாக ஆக்காமல், பூனையை விட்டு நம்மைச் சிரிக்கவும் வைத்தார்கள். அந்த அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். அதனால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு வலிக்கிறது.

அப்புறம் மேக்னீட்டோ சிறையிலிருந்து தப்பும் காட்சி. துளி உலோகம் இல்லாத பிளாஸ்டிக் சிறை. முந்தைய இரவு மதுக்கூடத்தில் அவருடைய கூட்டாளி மிஸ்டிக் ஒரு காவலனை மயக்கி, அவன் உடம்பில் இரும்புச் சத்தை ஊசியால் ஏற்றிவிட்டிருப்பாள். மறுநாள் அவன் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வருகிறான். மேக்னீட்டோ அவனை மேலும் கீழும் பார்க்கிறார். உன்னிடம் ஏதோ மாற்றம் தெரிகிறதே என்கிறார். கையை உயர்த்துகிறார், காவலனின் தோல் வழியே சிவப்புத் துளிகள் வெளியேறிக் காற்றில் திரண்டு, மூன்று சின்ன உலோகக் குண்டுகளாகின்றன. அதை வைத்தே சிறையை உடைத்து, ஒரு குண்டைத் தட்டையாக்கி, அதன்மேல் ஏறி நின்று அலுங்காமல் வெளியே போகிறார். ஒரு பாத்திரத்தின் சக்தி என்ன, குணம் என்ன, கொடூரம் என்ன என்று மூன்றையும் சில நிமிடத்தில் சொல்லும் எழுத்து இது. மேக்னீட்டோவாக நடிக்கும் மெக்கெல்லன் அதில் குரலைக்கூட உயர்த்துவதில்லை.

வழக்கின் கனம் எங்கே தெரிகிறது என்றால் உச்சக்கட்டத்தில். ஸ்ட்ரைக்கர் என்கிற ராணுவ அதிகாரி, சேவியரின் மனத்தையே கருவியாக்கி உலகில் உள்ள மியூட்டன்ட்கள் அத்தனை பேரையும் கொல்லப் பார்க்கிறான். மேக்னீட்டோ வந்து அதைத் தடுக்கிறார். அப்பாடா என்று நாம் மூச்சு விடுவதற்குள், அதே கருவியை மனிதர்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போகிறார். அவர் பயந்தது உண்மையாகிவிட்டது, அந்த நொடியிலேயே அவர் பயந்த ஆட்களைப் போலவே ஆகிவிடுகிறார். இதற்கு மேல் இந்த இருவரின் சண்டையை எந்தப் படமும் சொல்லவில்லை. நைட்கிராலர் மிஸ்டிக்கிடம், எந்த உருவத்தையும் எடுக்க முடிந்த நீ ஏன் எப்போதும் சாதாரண மனிதர் வேஷத்திலேயே இருந்துவிடக் கூடாது என்று கேட்பான். அப்படி இருக்க வேண்டிய தேவை நமக்கு இருக்கக் கூடாது என்பாள். போகிறபோக்கில் வரும் பதில், நின்றுவிடுகிறது.

இப்போது ‘லோகன்’. 2017, இயக்கம் ஜேம்ஸ் மேங்கோல்ட். தனிப்படமாகப் பார்த்தால் இந்தப் பதிமூன்றில் சிறந்த படம் இதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. பிறகு ஏன் இரண்டாவது? என் முதல் அளவுகோலில் அது எக்ஸ்2-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டாவதைத் தொடவே இல்லை. மேக்னீட்டோ இல்லை, வழக்கு இல்லை, எல்லாம் முடிந்தபின் எஞ்சிய சாம்பல்தான் கதை. அந்தச் சாம்பலின் சூடு முந்தைய படங்களிடமிருந்து வாங்கியது. வுல்வரினாக ஜாக்மனும் சேவியராக ஸ்டூவர்ட்டும் 17 வருடமாக அந்த வேடங்களில் நம் கண்முன் மூப்படைந்திராவிட்டால் இந்தப் படம் பாதிதான் வேலை செய்யும். தொடரில் சிறந்தது எது என்று கேட்டால் தொடரைத் தோளில் தூக்கிய படத்துக்குத்தான் என் ஓட்டு.

ஆனாலும் அதன் துணிச்சலைச் சொல்லாமல் விட முடியாது. 2029-ஆம் ஆண்டு. லோகன் (வுல்வரினின் இன்னொரு பெயர்) டெக்சாஸின் எல் பாசோ நகரில் வாடகை லிமோ ஓட்டுகிறான். எல்லை தாண்டி மெக்சிகோவில் ஒரு பாழடைந்த ஆலையில் சேவியரை ஒளித்து வைத்திருக்கிறான். எலும்பில் பூசிய அடமான்டியம் என்ற உலோகம் இப்போது அவன் உடம்பையே விஷமாக அரிக்கிறது. ஒரு கத்தி பாதியில் சிக்கிக்கொள்கிறது, அதைக் கையால் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. எழுத்தைப் படிக்க மூக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வலிக்கும் என்று அன்றைக்குச் சொன்னவனுக்கு இன்றைக்கு வலிக்காத நேரமே இல்லை.

அதைவிடப் பெரிய துணிச்சல் சேவியரை எழுதிய விதம். உலகின் மிகச் சக்திவாய்ந்த மூளைக்கு மூப்பினால் மறதி நோய் வந்தால் என்ன ஆகும்? வலிப்பு வரும்போதெல்லாம் சுற்றியுள்ள அத்தனை பேரும் உறைந்து மூச்சுத் திணறுவார்கள். அப்படி ஒரு வலிப்பில்தான் தன் சொந்த மாணவர்கள் செத்தார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. படம் அதை விளக்கிக் காட்டுவதும் இல்லை, ஒரு வானொலிச் செய்தியிலும் அரைகுறைப் பேச்சிலும் நாமே சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கேசினோ ஹோட்டலில் வரும் வலிப்புக் காட்சியில் எல்லாரும் உறைந்து நிற்க, லோகன் மட்டும் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு அடியாக நகர்ந்து, சேவியரைச் சூழ்ந்து நிற்பவர்களை ஒவ்வொருவராகக் குத்திக்கொண்டே போவான். சண்டைக் காட்சிதான், ஆனால் படியேறும் முதியவரைப் பார்ப்பது போல் இருக்கும். வயதான பெற்றோரைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போய் உட்கார வைத்தவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரித் தெரியும். லோகனோடு வரும் சிறுமி லாராவாக நடித்த டாஃப்னி கீன் பாதிப் படம் வரை வாயே திறப்பதில்லை, அதுவும் குறையாகத் தெரியவில்லை. ஒரு குறை என்றால் லோகனின் இளவயது நகலாக வரும் அடியாள். அது கொஞ்சம் காமிக்ஸ்தனமாகிவிட்டது.

மூன்றாவது இடத்தில் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ (2014). 1981-இல் கிறிஸ் கிளேர்மாண்ட், ஜான் பைர்ன் இருவரும் எழுதி வரைந்த காமிக்ஸ் கதைதான் மூலம். அதில் காலத்தில் பின்னோக்கிப் போவது கிட்டி பிரைட். படத்தில் வுல்வரினை அனுப்பினார்கள், காரணம் சொல்லவே வேண்டாம், ஹியூ ஜாக்மன். பென்டகன் சமையலறையில் ஜிம் குரோச்சியின் பாட்டு ஓட, மின்னல் வேகத்தில் ஓடும் குவிக்சில்வர் தோட்டாக்களை விரலால் தட்டித் திருப்பும் காட்சியை இன்றும் துண்டு துண்டாக எல்லாரும் பகிர்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதைவிட 1973-இன் சேவியர். நண்பன் ஹாங்க் தயாரித்த ஊசியைப் போட்டுக்கொண்டால் கால் நடக்கும், ஆனால் சக்தி போய்விடும். ஊசியை நிறுத்தினால் பிறர் மனங்களின் ஓலம் திரும்பி வரும், கால் போய்விடும். இளவயது சேவியராக வரும் மெக்கவாய் அதை ஒரு குடிகாரன் பாட்டிலைப் பார்ப்பதுபோல நடித்திருப்பார். பிற்பாடு வயதான சேவியரும் இளவயது சேவியரும் மனவெளியில் நேருக்கு நேர் சந்திக்கும் இடம், இரண்டு நடிகர் தலைமுறையையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவந்துவிடுகிறது.

அந்தப் படம் இன்னொரு காரியமும் செய்தது. முடிவில் காலத்தை மாற்றி எழுதி, ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டது. ஒரு தொடர் தன் சொந்தப் படத்தை இவ்வளவு வெளிப்படையாகத் துடைத்துப் போட்டது அபூர்வம். துடைக்காமல் விட்ட ஓட்டைகளும் உண்டு. ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’டில் செத்துப்போன சேவியர் எதிர்காலத்தில் அதே முகத்தோடு எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்காதீர்கள். காலக்கணக்கு இந்தத் தொடருக்கு எப்போதுமே ஆகாது. ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ தொடக்கத்தில் சேவியர், ஜீன் என்ற சிறுமியைப் பார்க்கத் தன் காலால் நடந்து வருவார். ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ அவருக்கு 1962-லேயே முதுகில் குண்டு பாய்ச்சிவிட்டது. 1944-இல் பெரிய பையனாக இருந்த மேக்னீட்டோ 1992-இல் நடக்கும் ‘டார்க் ஃபீனிக்ஸ்’ படத்தில் நாற்பது வயதுக்காரராக நிற்கிறார். இதையெல்லாம் கோர்த்துப் பார்க்க உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும்.

‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ (2011) நான்காவது. மேத்யூ வான் இயக்கம், கியூபா ஏவுகணை நெருக்கடி பின்னணி. அர்ஜென்டினா மதுக்கடையில், இளவயது மேக்னீட்டோவாக வரும் ஃபாஸ்பெண்டர் தப்பியோடிய நாஜிகளோடு பீர் குடித்தபடி பேசும் காட்சிக்காக மட்டுமே பார்க்கலாம். உச்சக்கட்டத்தில், தன் தாயைக் கொன்ற ஷாவின் நெற்றிக்குள் எரிக் (மேக்னீட்டோவின் இயற்பெயர்) அந்தப் பழைய நாணயத்தை மெதுவாக, ரொம்ப மெதுவாகச் செலுத்துகிறான். ஷாவின் மனத்தைப் பிடித்து வைத்திருப்பது சார்லஸ், அதாவது சேவியர். ஆகவே நாணயம் நுழையும் வலி முழுவதும் சார்லஸுக்கு. அங்கே கதறுவது அவர்தான். நண்பனின் பழிவாங்கல் தன் மண்டைக்குள் நடக்கிறது. என் இரண்டு அளவுகோலும் ஒரே நொடியில் சேரும் இடம் தொடரிலேயே இது ஒன்றுதான். பிறகு ஏன் நான்காவது? ஷா, சேவியர், எரிக், மிஸ்டிக் தவிர மற்ற இளசுகள் யாரும் மனசில் ஒட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் கறுப்பின இளைஞன் டார்வினை முதல் ஆளாகக் கொன்றதும் பழைய ஹாலிவுட் வழக்கம்தான், மன்னிக்க முடியவில்லை.

முதல் ‘எக்ஸ்-மென்’ இன்று பார்த்தால் சின்னப் படமாகத் தெரியும். ஏழரைக் கோடி டாலரில் எடுத்தது, அதற்குள் அடங்கிய சண்டைகள். சுதந்திர தேவி சிலையில் நடக்கும் உச்சக்கட்டம் சுமார், புயல் கிளப்பும் ஸ்டார்ம், தவளை மாதிரித் தாவும் டோடைப் பார்த்துச் சொல்லும் மின்னல் வசனம் இன்றும் கேலிப்பொருள். ஆனால் ‘பேட்மேன் & ராபின்’ தோல்விக்குப்பின் சூப்பர் ஹீரோ படம் என்றாலே கோமாளித்தனம் என்று இருந்த நேரத்தில், கதையை வதைமுகாமில் தொடங்கி, விளையாட்டுத்தனமில்லாமல் சொன்னது இந்தப் படம். வுல்வரினாக நடிக்கவிருந்த டக்ரே ஸ்காட் ‘மிஷன்: இம்பாசிபிள் 2’ படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டதால்தான் அதிகம் பேருக்குத் தெரியாத ஆஸ்திரேலிய நடிகர் ஒருவர் உள்ளே வந்தார். அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகி இருக்காது.

‘டெட்பூல்’ (2016) எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாற்றம். வகையே வேறு. ஆனாலும் என் முதல் அளவுகோலில் அது தாராளமாகத் தேறும். புற்றுநோய் வந்தவன், சித்திரவதையில் சக்தி பெறுகிறான், முகம் சிதைகிறது, அதை மறைக்கத்தான் அந்த வாய் ஓயாமல் பேசுகிறது. 5.8 கோடி டாலரில் எடுத்து 78 கோடிக்கு மேல் வசூலித்தது. பெரியவர்களுக்கான சான்றிதழோடு சூப்பர் ஹீரோ படம் ஓடும் என்று அது காட்டியது அடுத்த வருடம் வந்த ‘லோகன்’ படத்துக்கும் தெம்பு. டாக்ஸியில் ‘மேரா ஜூத்தா ஹை ஜப்பானி’ ஒலிப்பதைக் கேட்டு நம்மூர்த் திரையரங்குகள் சிரித்தது தனி. இரண்டாம் பாகம் சிரிப்பில் குறைவில்லை, டெட்பூல் சேர்க்கும் எக்ஸ்-ஃபோர்ஸ் குழு ஆட்கள் பாராசூட்டில் குதித்து ஒவ்வொருவராகச் சாகும் பகுதி முதல் பாகத்தில் உள்ள எதையும்விட வேடிக்கை. ஆனால் காதலியைத் தொடக்கத்திலேயே கொன்று, கடைசியில் காலத்தைத் திருப்பி உயிர்ப்பித்து, இழப்புக்கு விலையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நடுவில் ‘தி வுல்வரின்’ (2013). முதல் முக்கால் பங்கு நல்ல படம். நாகசாகியில் அணுகுண்டு விழும் தொடக்கம், ஜப்பானில் துக்க வீடு, உடம்பு ஆறாமல் போகும் வுல்வரின், புல்லட் ரயில் கூரை மேல் சண்டை. கடைசியில் ஒரு வெள்ளி ரோபோவோடு மோத விட்டுக் காரியத்தைக் கெடுத்தார்கள். இதே மேங்கோல்ட்தான் நான்கு வருடம் கழித்து ‘லோகன்’ எடுத்தார் என்பதை வைத்துப் பார்த்தால் இது அதற்கான ஒத்திகை.

‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ (2006) பற்றி எல்லாரும் திட்டுவதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மியூட்டன்ட் தன்மையைக் குணப்படுத்தும் மருந்து என்ற கரு இந்தத் தொடருக்கே வாய்த்த மிகச் சிறந்த கரு. தொடக்கத்தில் ஒரு சிறுவன் குளியலறையைப் பூட்டிக்கொண்டு முதுகில் முளைக்கும் சிறகை அறுத்துக்கொண்டிருப்பான், வெளியே அப்பா கதவைத் தட்டுவார். ரோக் அந்த மருந்துக்காக வரிசையில் போய் நிற்கிறாள். மேக்னீட்டோவுக்கு விழ வேண்டிய மருந்து ஊசியைத் தன் உடம்பில் வாங்கிய மிஸ்டிக், நிர்வாணமாக, வெறும் மனுஷியாகத் தரையில் கிடக்கிறாள். நீ இனி எங்களில் ஒருத்தி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிடுகிறார். இவ்வளவு இருந்தும், ஜீன் தன் சக்திக்கே இரையாகும் ஃபீனிக்ஸ் கதையையும் அதே படத்துக்குள் திணித்தார்கள். முதல் இரண்டு படங்களை இயக்கிய பிரையன் சிங்கர் ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ எடுக்கப் போய்விட, அவசரமாகக் கைமாறி பிரெட் ராட்னரிடம் வந்த படம். சைக்ளாப்ஸை ஆரம்பத்திலேயே சாகடித்துவிட்டு, அவனைப் பற்றி யாரும் சரியாக அழக்கூட இல்லை. கோல்டன் கேட் பாலத்தை மேக்னீட்டோ பெயர்க்கும்போது வெளிச்சம் இருக்கும், அல்கட்ராஸ் தீவில் இறங்கியதும் நள்ளிரவு இருட்டு. எடிட்டிங் மேசையில் எவ்வளவு அவசரம் என்பது அதிலேயே தெரியும்.

கீழே உள்ள நான்கையும் வேகமாகக் கடந்துவிடலாம். ‘அபோகலிப்ஸ்’ (2016) படத்தில் போலந்தில் பெயரை மறைத்து, ஆலைத் தொழிலாளியாக, மனைவி மகளோடு வாழும் மேக்னீட்டோவின் பகுதி மட்டும் தனிக் குறும்படமாக எடுக்கத் தகுந்தது. மிச்சம் முழுவதும் ஆஸ்கர் ஐசக் போன்ற ஒரு நடிகரை நீலச் சாயத்துக்கும் ரப்பர் முகமூடிக்கும் அடியில் புதைத்த கதை. அந்த வில்லனுக்கு உலகை அழிக்க வேண்டும், அவ்வளவுதான்; வழக்கு கிடையாது. ஸ்டார் வார்ஸ் பார்த்துவிட்டு வரும் ஜீன், மூன்றாவது படம் எப்போதும் மோசம்தான் என்று சொல்லும் வசனம் ராட்னரைக் குத்துவதற்காக எழுதியது. அது தங்கள் மூன்றாவது படத்துக்கே பொருந்தியது.

‘தி நியூ மியூட்டன்ட்ஸ்’ 2018 ஏப்ரலில் வரவேண்டியது, தள்ளித் தள்ளி 2020 ஆகஸ்டில், கொரோனாவுக்கு நடுவே வந்தது. மருத்துவமனைக்குள் அடைபட்ட ஐந்து இளையோர், திகில் படச் சாயல். பாதி வெந்தது, ஆனாலும் ஒவ்வொருவரின் பயமும் அவரவர் சக்தியோடு பின்னியிருப்பதால் பத்தாவதுக்குக் கீழே போகாமல் பார்க்கலாமா என்று யோசித்தேன், ‘அபோகலிப்ஸ்’ படத்தின் போலந்துக் காட்சி தடுத்துவிட்டது.

‘டார்க் ஃபீனிக்ஸ்’ (2019) வருத்தமான கேஸ். ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ எழுதியவர்களில் ஒருவரான சைமன் கின்பெர்க், அதே ஃபீனிக்ஸ் கதையை ஒழுங்காகச் சொல்ல இரண்டாவது வாய்ப்புக் கேட்டு, தானே இயக்குநராகவும் இறங்கினார். இந்த இளவயது ஜீனை நாம் அதற்கு முன் ஒரே ஒரு படத்தில்தான் பார்த்திருக்கிறோம், அவள் வீழ்ச்சிக்கு எப்படி அழுவது? உச்சக்கட்டத்தை மறுபடி படமாக்கி ரயிலுக்கு மாற்றினார்கள். அந்த ரயில் சண்டையும் ஹான்ஸ் ஜிம்மரின் இசையும் மட்டும் தேறின. சுமார் 25 கோடி டாலர் வசூல், தொடரின் பெரிய படங்களில் மிகக் குறைவு.

கடைசியில் ‘ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ (2009). கிராஃபிக்ஸ் முடியாத பிரதி, வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே இணையத்தில் கசிந்தது. முடிந்தபின் வந்த பிரதியிலும் குளியலறைக் கண்ணாடி முன் அவன் கத்திகளை உரசிப் பார்க்கும்போது அவை கார்ட்டூன்போலத்தான் இருந்தன. வாயாலேயே வாழும் டெட்பூலின் வாயைத் தைத்தது யாருடைய யோசனையோ. வுல்வரினும் அவன் சகோதரனும் அமெரிக்க உள்நாட்டுப் போர் முதல் வியட்நாம் வரை ஓடிக்கொண்டே இருக்கும் டைட்டில் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டால் நல்ல படம் பார்த்த திருப்தியோடு தூங்கலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். கதை நடக்கும் ஆண்டின்படி பார்க்கச் சொல்லும் பட்டியல்கள் நிறைய உலாவுகின்றன. அவற்றைப் பின்பற்றாதீர்கள். மேலே சொன்ன காலக்குழப்பம் ஒரு பக்கம். 1962-இல் தொடங்கினால் சார்லஸும் எரிக்கும் என்னவாகப் போகிறார்கள் என்பது தெரியாமல் அவர்கள் நட்பைப் பார்ப்பீர்கள். அதன் சுவையே, இந்த நட்பு உடையப் போகிறது என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதுதான். படங்கள் வெளிவந்த வரிசைதான் சரி.

நேரம் குறைவு என்றால் ஐந்து போதும்: முதல் எக்ஸ்-மென், எக்ஸ்2, ஃபர்ஸ்ட் கிளாஸ், டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட், லோகன். டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்டில் எதை அழித்தார்கள் என்று புரிய வேண்டுமானால் எக்ஸ்2-க்கு அடுத்து தி லாஸ்ட் ஸ்டாண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மிஸ்டிக் தரையில் கிடக்கும் அந்தக் காட்சிக்காகவாவது. டெட்பூல் இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் தனியாகப் பார்க்கலாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் தூங்கியபிறகு. ‘லோகன்’ படத்துக்கும் அதே எச்சரிக்கை, ரத்தம் அதில் இன்னும் அதிகம். மறுநாள் வேலை இருக்கும் இரவில் அதைத் தொடங்காதீர்கள்.